ஈசல் இரவில் வந்த படை

ஆற்றின் நடுவில் ஒரு மண் திட்டு இருந்தது. திட்டு முழுக்கக் கரையான் புற்றுகள். குட்டையும் நெட்டையுமாக நூற்றுக்கு மேல் இருக்கும். கரையான்கள் யாரைக் கேட்டுக் கட்டின? ஒரு புற்று இப்படிச் சாய்ந்திருக்கும், இன்னொன்று அப்படிச் சாய்ந்திருக்கும். அவற்றுக்கு நடுவே கோணல்மாணலாக ஒரே ஒரு பாதை. பாதையின் இரண்டு பக்கமும் இலந்தை முள் அடர்ந்து நின்றது.

புதுப் புற்றுகளில் கரையான்கள் இருந்தன. பழைய புற்றுகளில் கீரிகள் குடியிருந்தார்கள். ஒரு புற்றிலிருந்து இன்னொரு புற்றுக்குத் தரைக்கு அடியில் வளை தோண்டி வைத்திருந்தார்கள். மழையில் நனையாமல் அடுத்த வீட்டுக்குப் போய் வம்பு பேச அது வசதியாக இருந்தது.

அவர்கள் யாருக்கும் தலை வணங்காத கீரிகள். ஆற்றுக்கு மேற்கே பெரிய காடு. அங்கே சிங்கராசா ஆட்சி. அவர் நடந்து வந்தால் எல்லோரும் தரையில் மூக்கை வைக்க வேண்டும். அவர் கொட்டாவி விட்டால் எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். இதைப் பொறுக்க முடியாமல் ஆற்றைக் கடந்து ஓடி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இந்தத் திட்டுக் கீரிகள். சிங்கராசாவின் ஆட்கள் தண்ணீர் குடிக்க ஆற்றுப் பக்கம் வந்தால் அவர்கள் காலைக் கடித்து அனுப்புவது இவர்களுக்குப் பொழுதுபோக்கு.

திட்டில் ராசா கிடையாது. மொட்டைவாலன் என்று ஒரு தலைவர் உண்டு. அவர் சொல்வதையும் யாரும் உடனே கேட்டுவிட மாட்டார்கள். எதுவானாலும் கூட்டம் கூட்டுவார்கள். எந்தப் பக்கம் சத்தம் அதிகமோ அந்தப் பக்கம்தான் முடிவு.

சுள்ளி என்ற கீரிக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டாலே எரிச்சல். அவள் குரல் சின்னது. அதனால் அவள் எந்தப் பக்கம் நின்றாலும் அந்தப் பக்கம் தோற்றது. கோபம் மட்டும் அவளுக்குப் பெரியது. அவளுடைய புற்று ஆற்றுத் துறையிலிருந்து வந்தால் பாதையில் முதல் புற்று. உள்ளே கண் திறக்காத குட்டிகள் மூன்று இருந்தன.

சித்திரை மாதம். ஆறு வற்றி முழங்கால் தண்ணீர்தான் ஓடியது. ஒரு நாள் பிற்பகல் கோடை மழை கொட்டித் தீர்த்தது. மழை விட்டதும் கீரிகளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"ஈசல்! இன்னிக்கு ஈசல் புறப்படும்!"

வருஷத்தில் ஒரே ஒரு நாள் வரும் விருந்து அது. பொழுது சாயும் நேரத்தில் புதுப் புற்றுகளின் வாய் திறக்கும். ஈசல்கள் புகையாகக் கிளம்பும். கீரிகள் வாயைத் திறந்துகொண்டு நின்றால் போதும். வயிறு தரையில் இழுபடும் வரைக்கும் தின்பார்கள்.

மற்ற நாட்களில் துறையில் நான்கு கீரிகள் ராக்காவல் இருப்பார்கள். ஈசல் இரவில் மட்டும் காவல் கிடையாது. ஒருவர் தின்னும்போது இன்னொருவர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது என்று என்றைக்கோ கூட்டம் கூட்டி முடிவு செய்திருந்தார்கள். நல்ல எண்ணம்தான், யார் இல்லை என்றது? ஆனால் தின்று முடித்த பிறகாவது யாராவது துறைக்குப் போகலாமே என்று இத்தனை வருஷமாக ஒருவருக்கும் தோன்றவில்லை.

சுள்ளிக்குத் தோன்றியது. கூட்டத்தின் நடுவில் போய் நின்றாள்.

"இந்த வருஷம் ஆத்துல தண்ணியே இல்லை. அக்கரையில கழுதைப்புலிங்க கால் தடம் பார்த்தேன். ஒண்ணு ரெண்டு இல்லை, மண்ணே தெரியாத அளவுக்குத் தடம். எல்லாரும் சாப்பிடலாம். சாப்பிட்டதும் ரெண்டு பேர் துறைக்குப் போகணும்."

அவளுடைய அண்ணன் தவிடன் எழுந்தான். திட்டிலேயே பெரிய குரல் அவனுக்கு. நன்றாகப் பாடுவான், நன்றாகத் தின்பான். எல்லோருக்கும் அவனைப் பிடிக்கும். சுள்ளிக்கும் பிடிக்கும், அவன் வாயைத் திறக்காத வரைக்கும்.

"ஈசல் தின்ன வயித்தோட எவனால துறை வரைக்கும் நடக்க முடியும்? நீ தூக்கிட்டுப் போறியா தங்கச்சி?" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள்.

"விளையாடாதே அண்ணே! என் வீடுதான் பாதையில முதல் வீடு!"

"குட்டி போட்டதுல இருந்து இவளுக்குத் தன் நிழலைப் பார்த்தாலும் பயம்!" என்றான் தவிடன். "காவல் வேண்டாம்ங்கறவங்க சத்தம் போடுங்க!"

திட்டே அதிர்ந்தது. முடிவு வந்துவிட்டது. சுள்ளி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அந்த நேரம் பார்த்துத் துறையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஐயாமாரே, அம்மாமாரே! உள்ளே வரலாமா?"

குழையன் என்ற நரி. சிங்கராசாவின் தூதன். வாலைத் தாழ்த்தி, தலையைத் தாழ்த்தி, குரலையும் தாழ்த்திக்கொண்டு வந்தான்.

"சிங்கராசா உங்களோட சமாதானமா இருக்க ஆசைப்படறார். ஐப்பசி மழை வரைக்கும் எங்க ஆள் ஒருத்தரும் இந்த ஆத்துல கால் வைக்க மாட்டாங்க. என் வால் மேல சத்தியம்!"

"பதிலுக்கு நாங்க என்ன செய்யணும்?" என்று கேட்டார் மொட்டைவாலன்.

"ஒண்ணுமே வேண்டாம் தலைவரே! தண்ணி குடிக்க வர்றவங்க காலைக் கடிக்காம இருந்தா போதும்."

கீரிகள் சத்தம் போட்டு ஒப்புக்கொண்டார்கள். வந்தவனை வெறும் வயிற்றோடு அனுப்புவது திட்டில் வழக்கம் இல்லை. நல்ல இடமாகப் பார்த்து உட்கார வைத்தார்கள். ஈசல் புறப்பட்டது. தங்கள் வாய்க்கு வந்ததை விலக்கி அவன் பக்கம் தள்ளினார்கள். குழையன் வஞ்சனை இல்லாமல் தின்றான்.

தின்றுவிட்டு, காலாற நடக்கிறேன் என்று எழுந்தான். பாதையில் நடந்தான். திருப்பம் வரும் இடத்தில் நின்றான். உதடு முணுமுணுத்தது. மறுபடி நடந்தான். சுள்ளி அவன் பின்னாலேயே போனாள்.

"என்ன எண்ணறீங்க?"

"எண்ணறதா? ஐயோ, சாப்பிட்டதுக்கு நன்றி சொல்லிக்கிட்டு நடக்கறேன் தங்கச்சி!"

"எத்தனை அடி நன்றி?"

குழையன் பல்லை இளித்தான். இருட்டியதும் விடைபெற்றுக்கொண்டு போய்விட்டான்.

சுள்ளி நேராகத் தலைவரிடம் ஓடினாள். "அவன் நம்ம பாதையை அளந்துட்டுப் போறான்! எந்தத் திருப்பம் எங்கேன்னு மனப்பாடம் பண்ணிட்டுப் போறான்!"

மொட்டைவாலனின் வாயில் ஈசல் நிறைந்திருந்தது. விழுங்கிவிட்டுச் சொன்னார். "விருந்தாளியைச் சந்தேகப்படறது நல்லாவா இருக்கு?"

"நல்லா இல்லைதான். துறைக்கு ரெண்டு பேரை அனுப்புங்க."

"கூட்டம் முடிவு பண்ணினதை நான் எப்படி மாத்தறது?"

பாட்டை நடுவில் நிறுத்திவிட்டுத் தவிடன் கத்தினான். "இவளுக்கு இது ஒரு வியாதி! நாலு பேர் சிரிச்சுட்டு இருந்தா இவளுக்கு அழணும்!"

மறுபடியும் சிரிப்பு. குட்டிக் கீரிகள்கூடச் சிரித்தன. சுள்ளியின் காது நுனி வரைக்கும் சூடேறியது. கூடப் பிறந்தவன், ஊர் நடுவில் வைத்து இப்படியா பேசுவது? அரை வயிறுகூட நிரம்பவில்லை, அவள் விருந்தை விட்டு எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

அக்கரையில் நடந்தது பிறகுதான் தெரிய வந்தது. ஆனாலும் அதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அங்கே புதருக்குள் சிங்கராசாவின் படையான எழுபது கழுதைப்புலிகள் படுத்திருந்தன. அவற்றின் தளபதி வரிமுதுகன். குழையன் தின்றது செரிப்பதற்குள் அவனிடம் போய் நின்றான். வெட்கம் என்று ஒன்று இருந்தால் அல்லவா?

"இன்னிக்கு ராத்திரி காவலே இல்லை தளபதி! பாதிப் பேர் புற்றுக்கு வெளியிலேயே கவிழ்ந்து கிடப்பாங்க!"

"பாதை எப்படி?"

"தாராளம்! நான் உடம்பை வளைக்காம நடந்து போய்ட்டு வந்தேன்."

உண்மைதான். நரியின் ஒல்லி உடம்புக்கு அது தாராளம். கழுதைப்புலியின் தோள் எவ்வளவு அகலம் என்று அவன் நினைத்துப் பார்க்கவில்லை. தளபதியும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் அந்தப் பாதையில் முதலில் நுழைகிற வேலை இல்லை, பிறகு எதற்குக் கேட்கப் போகிறார்கள்?

வரிமுதுகன் படைக்குக் கட்டளை போட்டான். "எவனும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தவனுக்கு நாக்கு இருக்காது. நான் சொல்லாமல் எவனும் திரும்பக் கூடாது. திரும்பியவனுக்குத் தலை இருக்காது. விடிவதற்குள் அந்தத் திட்டில் ஒரு கீரி மிச்சம் இருக்கக் கூடாது. குட்டிகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நான் பின்னால் வருவேன்."

எழுபது பேரும் தலையை மட்டும் ஆட்டினார்கள்.

இங்கே சுள்ளி குட்டிகளை வயிற்றோடு அணைத்துக்கொண்டு படுத்திருந்தாள். தூக்கம் வரவில்லை. அண்ணனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்கள் எல்லாம் இப்போதுதான் ஒவ்வொன்றாக வந்தன. 'சிரிக்கிறதுக்கு நீ, அழறதுக்கு நானான்னு கேட்டிருக்கணும்!' அதைவிடச் சுருக்கென்று இன்னொன்று தோன்றியது. அதையும் இருட்டில் சொல்லிப் பார்த்தாள். புரண்டு படுத்தாள். வெளியே பாட்டு ஓய்ந்து, குறட்டை தொடங்கியது. அவளுக்கு அந்தக் குறட்டையைக் கேட்கக் கேட்க இன்னும் கோபம் வந்தது.

மழை பெய்த இரவு. ஆற்றில் தவளைகள் காது கிழியக் கத்திக்கொண்டிருந்தன. நள்ளிரவு தாண்டியது. திடீரென்று துறைப் பக்கத்துத் தவளைகள் மட்டும் நிறுத்திவிட்டன.

சுள்ளி எழுந்து வளை வாயில் மூக்கை வைத்தாள். ஈரக் காற்றில் கழுதைப்புலி நாற்றம் அடித்தது. பாதையில் கூனல் தோள்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஒரு காலடிச் சத்தம்கூட இல்லை.

எதிர்ப்புறத்துப் புற்றடியில் தவிடன் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தான். வயிறு ஏறி இறங்கியது. ஒரு கழுதைப்புலி குனிந்து அவன் கழுத்தைக் கவ்வியது. அவ்வளவுதான். திட்டிலேயே பெரிய குரல் கொண்டவன் ஒரு சத்தமும் போடாமல் போய்விட்டான்.

சுள்ளிக்கு உடம்பு பற்றி எரிந்தது. அடப் பாவிகளா! தூங்குகிறவனையா கடிப்பீர்கள்? பகலில் வந்திருக்கலாமே! துறையில் நின்று 'சண்டைக்கு வா' என்று கூப்பிட்டிருக்கலாமே! தவிடன் முதல் ஆளாகப் போயிருப்பானே! மாலையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து தின்றுவிட்டு, வால் மேல் சத்தியம் செய்துவிட்டு, இரவில் அவன் கழுத்துக்கு ஆள் அனுப்புவதா? இதற்குப் பெயர் படையா?

கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினால் என்ன ஆகும்? தூக்கக் கலக்கத்தில் எல்லோரும் வெளியே ஓடி வருவார்கள். வந்ததும் அவர்கள் கதியும் தவிடன் கதிதான். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அடிவளை வழியாகப் போய் ஒவ்வொருவராக எழுப்ப வேண்டும். அப்படியானால் குட்டிகள்? ஒரு தடவைக்கு ஒரு குட்டியைத்தான் வாயில் தூக்க முடியும். மூன்று தடவை போய் வர நேரம் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கழுதைப்புலிகள் உரசிக்கொண்டு போகின்றன. சுள்ளி வளை வாயில் ஈர மண்ணைத் தள்ளி அடைத்தாள். குட்டிகளை மூலைக்கு ஒதுக்கினாள். ஒவ்வொன்றையும் ஒரு தடவை நக்கினாள். பிறகு திரும்பிப் பார்க்காமல் அடிவளைக்குள் இறங்கி ஓடினாள்.

வயிறு முட்டத் தின்ற கீரிகளை எழுப்புவது லேசான காரியமா? உலுக்கினால் புரண்டு படுத்தார்கள். சுள்ளி வாலைக் கடித்தாள். துள்ளி எழுந்தவர்கள் வாயைக் காலால் பொத்தினாள். "சத்தம் போடாதே. கழுதைப்புலிங்க பாதையில நிக்குது. வெளியே போகாதே. வளை வாயில நின்னுக்கோ. கால் தெரிஞ்சா காலைக் கடி, மூக்கு தெரிஞ்சா மூக்கைக் கடி. கடிச்சுட்டு உள்ளே வந்துடு. அடுத்த வீட்டை நீ எழுப்பு."

மொட்டைவாலனுக்குக் கடிக்க வால் இல்லை. காதைக் கடித்தாள். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டார். "படையா? சரி, கூட்டத்தைக் கூட்டி முடிவு பண்ணலாம்..."

"கூட்டமா? கூட்டுங்க! எல்லாரையும் ஒரே இடத்துல கூட்டி வச்சா அவங்களுக்குப் பந்தி சுலபம்!" என்று சீறினாள் சுள்ளி. "எழுந்து போய் வளை வாயில நில்லுங்க!"

தலைவர் எழுந்து போய் நின்றார்.

இதற்குள் முன்னால் போன கழுதைப்புலிகள் பாதையின் இரண்டாவது திருப்பத்துக்கு வந்துவிட்டன. அங்கே இரண்டு பெரிய புற்றுகள் எதிரும் புதிருமாகச் சாய்ந்திருக்கும். முதல் கழுதைப்புலி தோளை நுழைத்தது. தோள் இறுகிக்கொண்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. 'நில்லுங்கள், வழி இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் நாக்கு இருக்காதே! அது வாயை மூடிக்கொண்டு நின்றது. பின்னால் வந்தது அதன் மேல் முட்டியது. அதற்குப் பின்னால் வந்தது அதன் மேல் முட்டியது. பக்கத்தில் ஒதுங்கலாம் என்றால் இலந்தை முள். கொஞ்ச நேரத்தில் பாதை முழுக்கக் கழுதைப்புலிகள் நெருக்கியடித்து, கால் மாற்றி வைக்கக்கூட இடம் இல்லாமல் நின்றன.

அப்போது புற்றுகள் கடிக்கத் தொடங்கின.

இருட்டில் கழுதைப்புலிகளுக்கு அப்படித்தான் இருந்தது. இந்த ஓட்டையிலிருந்து ஒரு கடி, அந்த ஓட்டையிலிருந்து ஒரு கடி. முன்னங்காலில் ஒன்று, மூக்கு நுனியில் ஒன்று. குனிந்து பார்த்தால் ஓட்டை காலி. கடித்த கீரி அதற்குள் அடுத்த புற்றில் இருந்தது. வலியில் கண்ணீர் வந்தது, வாயைத் திறக்கவில்லை. என்ன ஒழுங்கான படை! இப்படி ஒரு கட்டளைக்கு இப்படி ஒரு பணிவு! கேட்கிற நமக்குத்தான் எரிகிறது, அவர்களுக்கு அது பழகிப்போயிருந்தது.

துறையில் நின்ற வரிமுதுகனுக்கு உள்ளே புரள்கிற சத்தமும் உதைக்கிற சத்தமும் கேட்டன.

"சபாஷ்! கீரிகள் சாகின்றன போலிருக்கிறது!" என்று மெதுவாகச் சொன்னான்.

"மும்முரமான வேட்டை தளபதி!" என்றான் குழையன்.

"மிச்சம் இருப்பவர்களும் உள்ளே போங்கள்! தள்ளுங்கள்!"

அவர்களும் போனார்கள். தள்ளினார்கள்.

கடைசியில், நெரிசலின் நடுவே மாட்டிக்கொண்ட ஒரு இளைய கழுதைப்புலியால் பொறுக்க முடியவில்லை. அதன் மூக்கைப் பிடித்த பிடியை மொட்டைவாலன் விடவே இல்லை. "ஐயோ! வழி இல்லை! பின்னால போங்க!" என்று அது அலறியது.

வரிமுதுகனுக்கு ரத்தம் கொதித்தது. "எவன் அது? என் கட்டளையை மீறி வாயைத் திறந்தவன் எவன்?"

படை சாகிறதே என்ற கவலை அவனுக்கு இல்லை. ஒருவன் பேசிவிட்டானே என்பதுதான் கவலை. பேசியவனைத் தண்டிக்க அவனே பாதைக்குள் நுழைந்தான். எல்லோரையும்விடப் பெரிய உடம்பு அவனுக்கு. பத்தடி போவதற்குள், முதல் புற்றுக்கும் இலந்தை முள்ளுக்கும் நடுவில் அப்படியே அடைந்துகொண்டான். உள்ளே போன ஒரே வழியைத் தளபதியே மூடிவிட்டான்.

அந்த முதல் புற்று யாருடையது? சுள்ளியுடையது.

சுள்ளி அடிவளை வழியாக வீட்டுக்கு ஓடி வந்தபோது சுவர் விரிசல் விட்டிருந்தது. வரிமுதுகன் திமிறத் திமிற மண் கட்டி கட்டியாகப் பெயர்ந்து உள்ளே விழுந்தது. இரண்டு குட்டிகள் கீச்சிட்டன. மூன்றாவது குட்டியைக் காணவில்லை. சுள்ளி மண்ணைப் பறித்தாள். நகம் பிய்ந்தது. இன்னும் பறித்தாள். ஒரு சின்ன முதுகு தெரிந்தது. கவ்வி இழுத்தாள். குட்டி தும்மியது.

அதற்குப் பிறகு சுள்ளியைப் பிடித்து நிறுத்த யாராலும் முடிந்திருக்காது. விரிசலில் தலையை நீட்டினாள். எதிரே வரிமுதுகனின் மூக்கு. அதைக் கடித்தாள்.

"ஆ! சிங்கராசாவின் தளபதியையா கடிக்கிறாய்? மரியாதை தெரியாத பிராணியே!"

மரியாதை! சுள்ளிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. "மரியாதையா? நடுராத்திரியில திருட்டுத்தனமா வந்து, என் அண்ணனைத் தூக்கத்துல கொன்னுட்டு, என் வீட்டுச் சுவத்தை என் பிள்ளைங்க மேல தள்ளிக்கிட்டு, உனக்கு மரியாதை வேற வேணுமா?"

"நாங்கள் போருக்கு வந்தோம்."

"போருக்கு வந்தவன் சாயங்காலம் எதுக்குச் சமாதானம்னு ஆள் அனுப்பினே?"

"அது நரி சொன்ன சொல். அரசர் சொன்ன சொல் அல்ல."

"ஓ! தின்னது நரி, கடிச்சது நீ, ராசாவுக்கு ஒண்ணுமே தெரியாது! நல்லா இருக்குய்யா உங்க நியாயம்!" சுள்ளி மறுபடி மூக்கைக் கடித்தாள். இந்தத் தடவை விடவில்லை. பல் இடுக்கு வழியாகவே சொன்னாள். "திரும்பச் சொல்லு உன் படையை!"

"அரசரின் அனுமதி இல்லாமல் திரும்பு என்று... ஆ!... சொல்ல முடியாது!"

சுள்ளி இன்னும் அழுத்தினாள்.

"திரும்பு!" என்று அலறினான் வரிமுதுகன். "திரும்பு! திரும்பு! திரும்பு!"

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் எழுபது பேரும் காத்திருந்தார்கள். பின்னால் நின்றவர்கள் தட்டுத்தடுமாறித் திரும்பினார்கள். பாதையை அடைத்துக்கொண்டு தளபதி. யார் என்று யார் பார்த்தார்கள்? அவன் முதுகின் மேல் ஏறி மிதித்துக்கொண்டு ஓடினார்கள். கடைசியாகத் திருப்பத்தில் மாட்டியிருந்தது தோளை உருவிக்கொண்டு ஓடியபோது வரிமுதுகனிடம் அசைவு இல்லை. எழுந்திருக்கவும் இல்லை.

துறையில் குழையன் நின்றுகொண்டிருந்தான். வருகிறவர்களைப் பார்த்து, "வெற்றியா?" என்று கேட்டான்.

"பாதை தாராளம்னு சொன்னவன் நீதானே?" என்று கேட்டது தோள் கிழிந்த கழுதைப்புலி. குழையன் ஓடினான். நொண்டிக்கொண்டே அவர்கள் அவனைத் துரத்தினார்கள். அதன் பிறகு ஆற்றங்கரையில் அவனை யாரும் பார்க்கவில்லை.

விடிந்தது. வெளியில் படுத்திருந்தவர்களில் தவிடனையும் சேர்த்துப் பதினோரு பேர் எழுந்திருக்கவில்லை. மற்றவர்கள் முதலில் அழுதார்கள். பிறகு உயிர் பிழைத்த சந்தோஷம் மெதுவாகத் தலைகாட்டியது. மொட்டைவாலன் உயரமான புற்றின் மேல் ஏறினார்.

"எழுபது கழுதைப்புலிங்க! நம்ம வீரத்துக்கு முன்னால நிக்க முடிஞ்சுதா? நம்ம பல்லோட கூர்மையை இனிமே அந்த மேற்குக் காடே பேசும்!"

கீரிகள் ஆரவாரம் செய்தார்கள். ஒருவன் பாட்டுக் கட்டத் தொடங்கினான்.

"சுள்ளிதான் எழுப்பினா! சுள்ளியைத் தலைவி ஆக்கணும்!" என்று இன்னொருவன் கத்தினான். "சுள்ளி! சுள்ளி!" என்று எல்லோரும் கத்தினார்கள். அவள் நின்ற பக்கம் இத்தனை சத்தம் வந்தது அன்றைக்குத்தான்.

சுள்ளி அண்ணனின் உடம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எழுந்தாள்.

"பாட்டை நிறுத்துங்க!"

நின்றது.

"என்ன வீரம்? யாரோட வீரம்? அவங்க துறையைத் தாண்டி வந்தப்போ நம்ம வீரம் குறட்டை விட்டுட்டு இருந்துச்சு. நான் காவலுக்கு முழிச்சிருந்தேன்னு நினைக்கறீங்களா? எனக்குக் கோபம், அதனால தூக்கம் வரலை. இதோ கிடக்கிறானே, இவன் ஊர் நடுவில என்னைக் கேலி பண்ணினான். நீங்க சிரிச்சீங்க. அந்தக் கோபத்துல முழிச்சிருந்தேன். நேத்து நீங்க என்னை நல்லா நடத்தியிருந்தா நானும் வயிறு முட்டத் தின்னுட்டுத் தூங்கியிருப்பேன். இந்நேரம் பாட்டுக் கட்ட ஆள் இருந்திருக்காது!"

சுள்ளி குனிந்து அண்ணனைப் பார்த்தாள்.

"இவனோட கேலி உங்க எல்லாரையும் காப்பாத்துச்சு. இவனைக் காப்பாத்தலை." சுள்ளியின் குரல் உடைந்தது. உடனே கோபம் அதைத் தூக்கி நிறுத்தியது. "தலைவியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். முதல்ல பதினோரு குழி தோண்டுங்க. தோண்டி முடிச்சுட்டு ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்க. இன்னிக்கு ராத்திரி துறையில யாரு?"

எதற்கெடுத்தாலும் சத்தம் போடுகிற அந்தக் கூட்டத்தில் ஒரு சத்தமும் இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மொட்டைவாலன் புற்றின் மேலிருந்து இறங்கினார்.

"நான்," என்றார். "நாளைக்கு யாருன்னு இப்பவே முறை வச்சுக்கலாம். ஈசல் ராத்திரிக்கும் சேர்த்து."

குழிகள் தோண்டினார்கள். பதினோரு பேரையும் மண்ணில் வைத்தார்கள். தவிடன் குழியில் கடைசிப் பிடி மண்ணைச் சுள்ளிதான் போட்டாள். அவனுக்குச் சொல்ல இரவெல்லாம் சேர்த்து வைத்திருந்த பதில்களில் ஒன்றுகூட இப்போது அவளுக்கு ஞாபகம் வரவில்லை. இடிந்த சுவரை அக்கம்பக்கத்தார் பூசிக்கொடுத்தார்கள். பொழுது சாய்ந்ததும் மொட்டைவாலன் துறைக்குப் போனார். சுள்ளி குட்டிகளை அணைத்துக்கொண்டு படுத்தாள், படுத்த உடனே தூங்கிப்போனாள்.

சேர்ந்து உண்கிறவர்கள் முறை வைத்துக் காவலும் காக்க வேண்டும். இல்லாவிட்டால் தங்கள் உயிரை யாரோ ஒருத்தியின் கோபத்தை நம்பி விட வேண்டியிருக்கும்.